மூன்றாவது பெட்டி

கவுனாஸ். பிப்ரவரி. ஹாங்கருக்கு வெளியே
பனியும் மழையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பெய்கின்றன.
ஐந்து நாற்பதுக்குக் கிளம்ப வேண்டிய விமானத்தின் வயிற்றில்
நாய் குரைக்கிறது.

பயணிகள் வைத்த பெயர் அது.
உள்ளே இருப்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு யந்திரங்கள்,
நடுவே ஓர் அச்சு.
பச்சையில் அழுத்தம் சரிந்தால்
மஞ்சள் அந்த அச்சின் வழியே பலம் தரும்.
பலம் மட்டும்.
ஒரு சொட்டு எண்ணெய்கூட எல்லை தாண்டாது.
இத்தனைக்கும் பச்சைக்குள் ஓடுவதும் ஊதா,
மஞ்சளுக்குள் ஓடுவதும் அதே ஊதா.
கண்ணில் தெறித்தால் உயிர் போகும்;
முதலுதவிப் பெட்டியில் நாங்கள் விளக்கெண்ணெய் வைத்திருக்கிறோம்.

இரண்டு பக்கமும் சமமானால் நாய் படுத்துக்கொள்ள வேண்டும்.
இன்றிரவு பன்னிரண்டு நொடிக்கு ஒரு முறை எழுகிறது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
ஜனவரி ஒன்பது, பில்லுண்ட்: யூனிட் மாற்றப்பட்டது. சோதனை சரி.
ஜனவரி முப்பது, வில்னியஸ்: யூனிட் மாற்றப்பட்டது. சோதனை சரி.
மூன்றாவது யூனிட் மரப்பெட்டியில், பிரிக்காமல்,
கெஸ்துதிஸின் காலடியில்.
அவன் கையில் நெம்புகோல் தயார்.
"மாத்திட்டுப் போயிடலாம் ரமுனே.
குரைச்சாலும் அது வேற ஊர்ல போய்க் குரைக்கட்டும்."

திருடன் வீட்டுக்குள் இருக்கிறான்.
நாம் இரண்டு முறை நாயை மாற்றியிருக்கிறோம்.

மஞ்சளின் மின்பம்பை ஓடவிட்டேன்.
மஞ்சளில் மூவாயிரம், பச்சையிலும் மூவாயிரம்.
பிறகு பச்சை முள் மெல்லத்
தூக்கம் வந்தவன் தலைபோலச் சாய்ந்தது.
குரைப்பு.
இறக்கைக்கும் வாலுக்கும் பச்சை போகும் வழியை
சோதனை வால்வால் அடைத்தேன்.
குரைப்பு நின்றது.
கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது அப்போதுதான் கேட்டது.
திறந்தேன். பதினொன்று, பன்னிரண்டு.
குரைத்தது.
கெஸ்துதிஸ் நெம்புகோலைக் கீழே வைத்தான்.

வெளியே ஒழுகினால் தரை சொல்லியிருக்கும்.
இது உள்ளுக்குள் ஒழுகுவது.
எங்கோ ஒரு சீல் தேய்ந்து
போகும் எண்ணெய் போன வேலையைச் செய்யாமலே
திரும்பும் குழாயில் நழுவிவிடுகிறது.
கறை இல்லை. தொட்டியில் ஒரு கோடு குறையவில்லை.
ஒளித்து வைக்க முடியாதது ஒன்றுதான்: சூடு.

கசிவைக் கேட்கும் கருவி பழுதாகி ரிகாவுக்குப் போயிருக்கிறது.
அசையக்கூடியதற்கெல்லாம் பூட்டு மாட்டிவிட்டு
கையுறையைக் கழற்றினேன்.
முதல் குழாய் பனிக்கட்டி.
இரண்டாவதும். மூன்றாவதில் விரல் மரத்தது.
இடது இறக்கையின் கடைசி ஸ்பாய்லருக்குப் பின்னால்
கை வைத்த இடத்தில்
ஜுரம்.
உக்னேயின் நெற்றியைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டேன்.

ஏணியிலிருந்து இறங்கியபின் ஃபோனைப் பார்த்தேன்.
நெரியுஸ். மூன்று இருபதுக்கு.
"நாளைக்கும் நான்தான் அவளைப் பள்ளிக்கு விடணுமா?
இந்த மாதம் இது மூன்றாவது முறை."
பிரிந்து இரண்டு வருடம்.
நான் ஓய்கிற நாளில் அவன் காரை எடுக்கிறான்,
அவன் ஓய்கிற நாளில் நான்.
வேறு எதுவும் எங்களுக்குள் ஓடுவதில்லை.
அவன் எண்ணுக்கு மட்டும் மணியை
அணைத்து வைத்திருந்தேன், நவம்பரிலிருந்து.

பதிவேட்டில் எழுதினேன்:
யூனிட்டில் குறை இல்லை.
இடது ஐந்தாம் ஸ்பாய்லர் ஆக்சுவேட்டரில் உள்கசிவு.
உதிரி ஸ்டோரில் இல்லை; காலை ஒன்பதுக்கு வேனில் வரும்.
ஐந்து நாற்பது போயிற்று.
நூற்றெழுபது பேருக்கு யாராவது சொல்ல வேண்டும்;
நல்லவேளை, அது என் வேலை இல்லை.

பெட்டியைத் திருப்பி அனுப்பும் சீட்டை ஒட்டிவிட்டு
கெஸ்துதிஸ் அதன் மேலேயே உட்கார்ந்து காபி குடித்தான்.

நெரியுஸுக்கு நீளமாக ஒன்று எழுதி அழித்தேன்.
இன்னொன்று எழுதி அழித்தேன்.
கடைசியில் போனது இது:
"ஆமாம், நீதான். ஆறு இரவு ஷிஃப்ட் எடுத்திருக்கிறேன்,
என்னால் முடியவில்லை.
அவள் கோட்டில் மேல் பட்டன் தளர்ந்திருக்கிறது, பார்."

ஏழு மணிக்கு, கதவு திறந்த ஹாங்கரில்,
ஃபோன் சத்தமாக அடித்தது.